சார், ஒரு நிமிஷம்

வள்ளுவர் கொடுக்கிறவனுக்கு ‘ஈகை’ என்று ஓர் அதிகாரம் ஒதுக்கினார். கேட்கிறவனுக்கு ‘இரவு’ என்று ஒன்று. கேட்கக் கூசுகிறவனுக்கு ‘இரவச்சம்’ என்று இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலை லுங்கியோடு கதவைத் திறந்து, ரசீதுப் புத்தகத்தோடு நிற்கும் நான்கு பேரைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறவனுக்கு மட்டும் 1330 குறளில் ஒரு பத்துகூட இல்லை. அவர் காலத்தில் காலிங் பெல் கிடையாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நான் கஞ்சன் இல்லை. இதை என் மனைவியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டாம். கொடுக்கிறேன், அடிக்கடியே கொடுக்கிறேன். ஆனால் நான் கொடுப்பதில் முக்கால்வாசி தர்மக் கணக்கில் வராது; வாசலில் நிற்பவர் நகர்ந்தால் போதும் என்று கட்டும் அபராதம் அது. சித்திரகுப்தன் அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பான் என்பது எனக்கு நெடுநாள் கவலை.

ரசீதுப் புத்தகக்காரர்களின் கலையை நான் கூர்ந்து கவனித்திருக்கிறேன். புத்தகத்தை வெற்றுப் பக்கத்தில் திறக்கவே மாட்டார்கள். முதல் பக்கம்தான். அதில் தெருமுனை டாக்டர் 5,001. அடுத்து எதிர் ஃபிளாட்காரர் 2,001. நாம் அதைப் படித்து முடிக்கும்வரை தலைவர் பேசமாட்டார். பிறகு மெதுவாக, “உங்க இஷ்டம் சார். நாங்க யாரையும் வற்புறுத்தறதில்லை” என்பார். பின்னால் நிற்கும் மூவரும் நம் ஃபிரிட்ஜைப் பார்ப்பார்கள். என் இஷ்டம் ஐம்பது ரூபாய். வாய் ஐநூறு என்று சொல்லும். அன்று மாலை லிஃப்டில் எதிர் ஃபிளாட்காரரைப் பார்த்து, “ரெண்டாயிரமா குடுத்தீங்க?” என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டு, “இருநூறுதான் குடுத்தேன். நீங்க ஆயிரம் குடுத்ததா சொன்னாங்களே?” என்றார். இருவரும் தரைத்தளம் வரும்வரை எண்களைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம்.

ஒருமுறை கொடுத்துவிட்டால் விஷயம் அதோடு முடியாது. சங்கப் புலவர்கள் இதற்கென்று ஓர் இலக்கிய வகையே வைத்திருந்தார்கள். வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனிடம், இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் தங்கு, இன்னாரைப் பார், கொடுப்பார் என்று விலாசம் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து நூல்கள், இந்த வகைதான். எங்கள் பேட்டையில் அந்த மரபு இன்னும் அழியவில்லை. மறுப்புச் சொல்லாமல் நான் ஒரு பிள்ளையாருக்குக் கொடுத்த அடுத்த வாரமே பக்கத்துத் தெருப் பிள்ளையார் வந்தார். அதற்கடுத்து கிரிக்கெட் கிளப். பிறகு, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. “மாடி வீட்டு சார் நல்ல மனுஷன்னு தம்பிங்க சொன்னாங்க” என்றார் அதன் செயலாளர். பாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தான். அந்தக் கொடி போய் மல்லிகைக்கொடியிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 7 கொடி நாள் வசூலுக்கு நான் முணுமுணுப்பதில்லை. 1949 முதல் நடப்பது, படைவீரர் குடும்பங்களுக்குப் போவது. ஆனால் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கப் போனபோது மே மாதத்தில் சட்டைப்பையில் கொடி குத்தினார்கள். டிசம்பரில் மீந்ததாம். கொடி குத்தாதவர்களின் கோப்பு மேசையைவிட்டு நகர்கிறதா என்று நின்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரிய கடைவளாகத்தின் வாசலில் நிற்கும் பையன்கள் வேறு பள்ளியைச் சேர்ந்தவர்கள். ஒரே நிற டி-ஷர்ட், கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். “சார், ஒரு நிமிஷம். காசெல்லாம் கேக்க மாட்டேன் சார்.” சத்தியவாக்கு. கடைசிவரை காசு கேட்கவில்லை. மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழித்துக்கொள்ள ஒரு கையெழுத்து மட்டும் கேட்டார். அந்த ஒரு நிமிஷத்தில் பனிக்கரடி, பெண் குழந்தைகள் படிப்பு, உதட்டுப் பிளவு அறுவைசிகிச்சை மூன்றையும் தொட்டுவிட்டார். பேசிக்கொண்டிருந்ததில் தெரிந்தது, அவர் அந்தத் தொண்டு நிறுவனத்தின் ஆள் இல்லை. ஆள் திரட்டிக் கொடுக்கும் ஏஜென்சியின் ஆள். “இன்னிக்கு இன்னும் ரெண்டு பேர் பிடிச்சாத்தான் சார் டார்கெட்” என்றார், வெயிலில் முகம் கறுத்துப்போய். பனிக்கரடிமேல் வராத இரக்கம் அவர்மேல் வந்தது. ஆனால் படிவத்தில் அவருக்குக் கொடுக்க இடமில்லை. மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு என் பிறந்தநாள் தெரியும். எந்தப் பிறந்தநாள் என்பதுதான் வேடிக்கை. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, வயது குறைகிறது என்று ஹெட்மாஸ்டர் தம் கைப்படப் போட்ட ஒரு தேதி உண்டு. என் அம்மாவே ஒப்புக்கொள்ளாத அந்தத் தேதிக்கு முந்தைய நாள் ஒரு பெண்குரல் தேனாக வாழ்த்தியது. நூறு குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு என் பெயரில் போடலாம். வடை பாயசம் சேர்த்தால் ஒரு தொகை, சேர்க்காவிட்டால் ஒரு தொகை. நான் தயங்கியதும், “எண்பது ஜி இருக்கு சார்” என்றது குரல். அதற்காகத்தான் காத்திருந்தேன். “நான் புது வரித் திட்டத்துக்கு மாறிட்டேம்மா. அதுல 80ஜி கழிவு கிடையாது. பழைய திட்டமா இருந்தாலும் ரொக்கமா ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்தா கணக்குல வராது” என்றேன், வரி ஆலோசகர் மாதிரி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, கடைசி ஆயுதத்தை எடுப்பதுபோல், “அப்போ புண்ணியத்துக்காகவாவது குடுங்க சார்” என்றது.

சாப்பாடு வரவழைக்கும் ஆப்பில் பில்லுக்கு அடியில் நாம் வைக்காத ஒரு டிக் இருக்கும். யாரோ ஒரு குழந்தைக்கு மூன்று ரூபாய். எடுத்துவிடலாம். ஆனால் இருநூற்றைம்பது ரூபாய்க்குப் பிரியாணி வரவழைத்துக்கொண்டு அந்த மூன்று ரூபாயை எடுக்கிறவனை நீங்கள் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பழைய சினிமாப் பாட்டு கேட்கலாம் என்று யூடியூபைத் திறந்தால், மூக்கில் குழாய் சொருகிய ஒரு சிசுவும் அதன் அம்மாவின் கதறலும் வரும். ஐந்து விநாடியில் ‘ஸ்கிப்’ முளைக்கும். விளம்பரத்தைத் தாண்டுவதற்கு இத்தனை கல்நெஞ்சம் தேவைப்படும் என்று அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவர் நினைத்திருக்க மாட்டார். மனமிளகிப் போய்க் கொடுத்தால், சில தளங்களில் கடைசிப் பக்கத்தில் தளத்துக்கே டிப்ஸ் என்று ஒரு தொகை முன்னதாகவே சேர்த்து வைத்திருக்கும். கேட்டது குழந்தைக்கு, சர்வருக்குத் தனி.

இத்தனையும் பட்ட மனிதன் சந்தேகப்பிராணி ஆகாமல் வேறென்ன ஆவான்? எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். காலை வணக்கத்துக்கு அடுத்து அவர் அதிகம் தட்டச்சுவது “எல்லாம் ஃபிராடு” என்பதுதான். 2021இல், முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய் வந்த ஒரு குழந்தைக்கு ஒரே ஊசி, விலை 16 கோடி, உதவுங்கள் என்று ஒரு செய்தி வந்தது. “ஊசியா, ஃப்ளைஓவரா? யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க” என்று உடனே தடையுத்தரவு போட்டார். குழுவில் பாதிப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஆனால் ஊசி நிஜம். பெயர் ஸோல்ஜென்ஸ்மா. 2019இல் அமெரிக்கா அனுமதித்த மரபணு மருந்து; வாழ்நாளில் ஒரே தடவை போடுவது; அங்கேயே விலை 21 லட்சம் டாலருக்கு மேல். நம் ஊரிலும் பெற்றோர்கள் அந்தத் தொகையை நூறும் இருநூறுமாகச் சேர்த்தார்கள். யாரோ ஒருவர் செய்தித்தாள் நறுக்கைக் குழுவில் போட்டார். ஓய்வுபெற்றவர் ஒரு மணி நேரம் யோசித்துப் பதில் எழுதினார்: “சரி, ஊசி இருக்கு. குழந்தை இருக்கா?”

சந்தேகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. பைசா செலவில்லாமல் நியாயவான் ஆகிவிடலாம். “குடுக்கறதுல எத்தனை பர்சன்ட் போய்ச் சேருது?” என்று நாம் கேட்பதெல்லாம் பதிலுக்காக இல்லை. பதில் வருவதற்குள் கதவைச் சாத்துகிறோமே, அதிலேயே தெரியவில்லையா? வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனங்கள் அதில் பாதிவரை நிர்வாகத்துக்குச் செலவழிக்கலாம் என்றிருந்ததை 2020இல் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தது சரியா என்று தொண்டு செய்பவர்கள் சண்டை போடுகிறார்கள். அரிசி தானாக நடந்து போய்ப் பானையில் விழாது, எண்ணிக் கொடுக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. அதே ஓய்வுபெற்றவர் கல்யாண மண்டபத்தில் 1,001 மொய் எழுதும்போது நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை, அது திரும்பி வரும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய்விருந்து வைத்து லட்சக்கணக்கில் புரட்டுகிறார்கள். ஒருவரும் ஏமாறுவதில்லை. நோட்டில் எழுதியிருக்கிறது, அடுத்த விருந்தில் வந்தாக வேண்டும்.

கொடுக்கிறவன் யோக்கியதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகப் பழைய துணி போனது. யாரும் தொடாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. எல்லாம் இழந்தவனுக்கும் கிழிந்த சட்டை வேண்டாம் என்று சொல்லத் தெரியும் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று ஊரே காறித் துப்பியது. இன்னொரு பக்கம் அதே வெள்ளத்தில் பெயர் சொல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தவர்களும் இருந்தார்கள். அன்று யாரும் யாரிடமும் ரசீது கேட்கவில்லை.

ரசீது என்றால் தஞ்சாவூரில் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் என்ன விளம்பரம்! நகை என்றால் முத்து எத்தனை, எடை எவ்வளவு, அந்த எடையில் உள்ளிருக்கும் அரக்கு சேர்த்தியா என்பதுவரை இருக்கும். விளக்கு எரிக்க ஆடு கொடுத்தால், ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் உழக்கு நெய், அந்த ஆடுகள் எந்த இடையன் பொறுப்பில் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. ஆடு செத்தால்? சாகாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்பது கல்வெட்டுகளின் வழக்கு. குட்டி போட்டுப் பெருகும், கிழடு கழியும், எண்ணிக்கை குறையக் கூடாது. வட்டியில் செலவழி, முதலைத் தொடாதே என்று இன்றைய அறக்கட்டளைகள் சொல்வதை அன்று ஆட்டை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். பளபள காகிதத்தில் சிரிக்கும் குழந்தை படத்தோடு வரும் ஆண்டறிக்கையில் இன்றைக்கு நான் தேடுவது அந்த இடையன் பெயரைத்தான்.

அதனால் சமீபமாகக் கேட்பவர்களிடம் ஆட்டுக்கணக்குக் கேட்க ஆரம்பித்தேன். தொலைபேசிப் பெண், “போன வருஷ அரிசி எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று நான் கேட்டதும் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். வருகை குறைந்தது. ஆஹா என்றிருந்தேன். ஆடியில் பின் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்ற வசூல் என்று பூக்காரம்மா வந்தார், இரண்டு பெண்களோடு. ரசீதுப் புத்தகம் இல்லை, பள்ளிக்கூட நோட்டு. “போன வருஷக் கணக்கு இருக்கா?” என்றேன், அதோடு போய்விடுவார்கள் என்று.

நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி உரக்கப் படிக்க ஆரம்பித்தார். “கேவுரு இருபது கிலோ. நொய் ஆறு. வெங்காயம். மோருக்குத் தயிர். கருவாடு, மீன்காரம்மா உபயம், காசு இல்ல. வெறகு. பம்பைக்காரருக்கு ஆயிரத்து ஐநூறு. எல்லாம் போவ மிச்சம் முந்நூத்தி நாப்பது. அதுல ஒரு பெரிய கரண்டி வாங்கனோம்.”

“கரண்டி இருக்கா?”

“இல்ல சார். யாரோ தூக்கினு போய்ட்டாங்க. யாருன்னு தெரியும். சாமி வசூல் பண்றப்ப பேர் சொல்லக் கூடாது.”

“அப்போ இந்த வருஷம்?”

“அதுக்குந்தான சார் வந்திருக்கோம்.”

உள்ளேயிருந்து மனைவி, “ஏங்க, ஒரு கரண்டிக்கு எதுக்குங்க விசாரணைக் கமிஷன்? குடுத்தனுப்புங்க” என்றாள். ஐநூறு எழுதிக்கொள்ளச் சொன்னேன். பூக்காரம்மா ஐநூற்றொன்று என்று எழுதி, அந்த ஒரு ரூபாய்க்குக் கையை நீட்டினார். சில்லறை இல்லை என்றேன். நோட்டின் பின்னட்டையைக் காட்டினார். கியூஆர் கோடு ஒட்டியிருந்தது. ஸ்கேன் செய்தால் அம்மன் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் பெயர் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

“எம் மவன் கடை சார். நம்பிப் போடுங்க. நாளைக்கு மறக்காம கூழுக்குச் சொம்பு குடுத்தனுப்புங்க.”