ஷெட்யூல் சிகாமணி

எந்த நண்பர் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். மெஸ்ஸி இப்போது எந்த கிளப்புக்கு ஆடுகிறார் என்று கேட்டால் தலையைச் சொறிவார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். ஆனால் உலகக் கோப்பை வருகிறது என்ற செய்தி காதில் விழுந்தால் போதும், லேப்டாப்பைத் திறந்து எக்செல் கட்டங்களுக்கு மஞ்சளும் பச்சையும் பூச ஆரம்பித்துவிடுவார். இவருக்குப் பந்தைவிடப் பயணம் பிடிக்கும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. பயணத்தைவிடப் பயணத் திட்டம்தான் பிடிக்கும். வீட்டில் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும், நமக்கு அவர் ஷெட்யூல் சிகாமணி.

2018இல் ரஷ்யாவுக்குத் திட்டம் போட்டார். டிக்கெட் வைத்திருப்பவர்கள் நகரம் விட்டு நகரம் போக அங்கே இலவச ரயில் விட்டார்கள். மாஸ்கோவில் ஏறினால் சமாராவில் எத்தனை மணிக்கு இறங்கலாம், எந்தப் பக்கம் ஜன்னல் சீட் நல்லது என்பதெல்லாம் சிகாமணிக்குத் தலைகீழ்ப் பாடம். பாஸ்போர்ட் மட்டும் காலாவதியாகியிருந்தது.

கத்தார் வந்தபோது விடவில்லை. சென்னையிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் தோஹா. எட்டு மைதானங்கள், வடக்குக் கோடியில் இருப்பதற்கும் தெற்குக் கோடியில் இருப்பதற்கும் நடுவே 75 கிலோமீட்டர்தான். நம்மூரில் கல்யாணத்துக்கு மொய் எழுத அதைவிடத் தூரம் போய் வருகிறோம். "ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் பார்க்கலாம்டா மச்சி! உலகக் கோப்பை வரலாற்றிலேயே இப்படி அமையாது" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டார். குழுவுக்கு 'தோஹா 11' என்று பெயர். ஒரு அணிக்குத் தேவையான ஆள் அப்படியே சேர்ந்தார்கள்.

பிறகு விக்கெட் விழ ஆரம்பித்தது. ஒருவருக்கு லீவு இல்லை. ஒருவருக்கு வீட்டில் அனுமதி இல்லை. அதை 'ஹோம் லோன் ஓடுது' என்று நாகரிகமாகச் சொன்னார். வழக்கமாக ஜூன், ஜூலையில் நடக்கும் போட்டியை, கத்தார் வெயிலுக்குப் பயந்து நவம்பர், டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்களா, நேராக வந்து கார்த்திகை மாதத்தில் மோதியது. இரண்டு பேர் "மாலை போட்டிருக்கேன் சாமி" என்று ஒதுங்கினார்கள். அதில் ஒருவர் எங்கள் நினைவு தெரிந்து மலைக்குப் போனதே இல்லை. கடைசியில் குழுவில் மிஞ்சியவர் சிகாமணி மட்டும். அவர் சளைக்கவில்லை. "ஒரு ஆளுன்னா லாஜிஸ்டிக்ஸ் ஈசி" என்றார்.

தங்குவதற்குக் கவலையில்லை. மச்சினன் தோஹாவில் நஜ்மா பக்கம் நாலு பேரோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்தான். நாட்டுக்குள் நுழைய விசாவுக்குப் பதில் ஹயா கார்டு, அதற்கும் விண்ணப்பித்தாயிற்று. இரண்டாவது சுற்றில் டிசம்பர் 5ஆம் தேதியின் இரண்டு ஆட்டங்களுக்கும் டிக்கெட் வாங்கினார். மாலை ஆறு மணிக்கு அல் ஜனூபில் ஒன்று, இரவு பத்து மணிக்கு 974 மைதானத்தில் பிரேசில் ஆடப்போவது.

பத்து மணி ஆட்டத்தில் பிரேசில்தான் வரும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. போட்டி தொடங்கும் முன் வாங்கும் டிக்கெட்டில் நாட்டின் பெயர் இருக்காது. 'ஜி பிரிவில் முதலிடம், எச் பிரிவில் இரண்டாமிடம்' என்றுதான் இருக்கும். சிகாமணி அந்த இடைவெளிகளைத் தானே நிரப்பினார். பிரேசில் ஜி பிரிவு, சரி. ஆறு மணி ஆட்டம் இ பிரிவின் முதலிடத்துக்கு. அந்தப் பிரிவில் ஸ்பெயின், ஜெர்மனி, ஜப்பான், கோஸ்டா ரிகா. அவர் 'ஜெர்மனி' என்று தடித்த எழுத்தில் அடித்து, அதற்கேற்ற ஜெர்சியும் வாங்கிவிட்டார்.

அட்டவணையை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எழுந்திருக்கும் நேரம், பல் தேய்க்கும் நேரம், பவர் பேங்க் சார்ஜ் ஏற்றும் நேரம். '19:52 ஆட்டம் முடிவு. 19:58 கிளம்புதல். 20:50 பீர்.' ஓரத்தில் 'ரிஸ்க்' என்று ஒரு சிவப்புப் பத்தி: செருப்பு அறுந்தால், வயிறு கெட்டால், மணல் காற்று அடித்தால். மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: "பெரிய கார்த்திகை ஆறாம் தேதி வருது. வீட்ல இருப்பீங்கள்ல?" சிகாமணி மவுனமாக அட்டவணையைக் கீழே இழுத்துக் காட்டினார். 'டிச. 6, 18:00 அகல் ஏற்றுதல்.'

போட்டி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மைதான வளாகங்களில் பீர் கிடையாது என்று அறிவித்தார்கள். உலகமே கொந்தளித்தது. சிகாமணி அந்தக் கட்டத்தில் 'பீர்' என்பதை அழித்து, அரபு நாட்டு மோரான 'லபன்' என்று அடித்தார். 20:50 அப்படியே இருந்தது.

அடுத்து ஜெர்மனி. முதல் ஆட்டத்திலேயே ஜப்பானிடம் தோற்று, டிசம்பர் 1ஆம் தேதி ஊருக்குப் பெட்டி கட்டியது. அதே இரவில் ஜப்பான் ஸ்பெயினையும் 2-1 என்று சாய்த்துப் பிரிவில் முதலிடம் பிடித்தது. வேறு ஆளாக இருந்தால் அழுதிருப்பான், இல்லை ஆனந்தக் கூத்தாடியிருப்பான். நம்மவர் 'ஜெர்மனி'யை அழித்து 'ஜப்பான்' என்று அடித்தார். நேரம் மாறவில்லையே, பிறகென்ன? அவ்வளவு செலவழித்து வாங்கிய ஜெர்சியை மட்டும் விட மனமில்லை. டிசம்பர் 5ஆம் தேதி ஜப்பான், குரோவேஷியா ரசிகர்களுக்கு நடுவே ஒரே ஒரு ஜெர்மன்காரராக உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள்.

ஜப்பான் ஒரு கோல் போட்டது. குரோவேஷியா திருப்பிப் போட்டது. 90 நிமிடம் முடிந்தும் 1-1. சிகாமணியின் அட்டவணையில் செருப்பு அறுவதற்கு வரிசை இருந்தது, கூடுதல் நேரத்துக்கு இல்லை. நாக்-அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் இன்னும் அரை மணி ஆடுவார்கள், அதற்கும் மேலே பெனால்ட்டி இருக்கிறது என்பது பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற சமாசாரம்.

கூடுதல் நேரம் முழுக்க அவர் மைதானத்தைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் சமனில் முடிந்து, பெனால்ட்டிக்குக் காசு சுண்டும் வேளையில் எழுந்துவிட்டார்.

"அத்தான், இப்பத்தான் சீனே இருக்கு, உக்காருங்க" என்றான் மச்சினன்.

"ஷெட்யூல் நாப்பது நிமிஷம் லேட் மாப்ளே. பிளான் பி-க்குப் போறேன்."

பிளான் பி என்றால் டாக்சி. தோஹா முழுக்க அந்த மாதம் பெரிய நுரைக் கைகளை மாட்டிக்கொண்ட ஊழியர்கள் தெருத்தெருவாக நின்று "மெட்ரோ? திஸ் வே!" என்று ராகம் போட்டு வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டமும் பின்பாட்டுப் பாடியபடி போனது. ஒரு ஊரே சேர்ந்து வழி சொல்லும்போது அதற்கு எதிர்த்திசையில் நடக்க ஒரு தனி மனவலிமை வேண்டும். மூடியிருந்த கடற்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டு, அடைபட்ட வழிகளில் திரும்பித் திரும்பி, டாக்சிக்காரர் அவரை ஒரு மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிட்டு "இதுக்கு மேல நடந்துதான் போகணும் பாய்" என்றார். மலையாளி, அனுதாபத்தோடுதான் சொன்னார்.

இதற்குள் அல் ஜனூபில் குரோவேஷியாவின் கோல்கீப்பர் லிவாகோவிச் ஜப்பானின் மூன்று பெனால்ட்டிகளைப் பிடித்துவிட்டார். மச்சினன் அதை முழுக்கப் பார்த்து, தொண்டை கட்டக் கத்தி, மெட்ரோவில் ஏறி முஷெய்ரிபில் மாறி, பிரேசில் ஆட்டம் தொடங்குவதற்குள் உட்கார்ந்தும்விட்டான். அவனிடம் ஒரு திட்டமும் கிடையாது. டூட்டி முடிந்தால் மைதானம், அவ்வளவுதான். கத்தாரில் குடியிருப்பவர்களுக்கு முதல் சுற்று டிக்கெட் 40 ரியாலுக்கே கிடைத்தது. அதில் எத்தனை ஆட்டம் பார்த்தான் என்று அவனுக்கே கணக்கில்லை.

பிரேசில் 7ஆவது நிமிடத்தில் ஒரு கோல், 13இல் ஒன்று, 29இல் ஒன்று, 36இல் ஒன்று. நாலாவது கோலுக்கு எழுந்த ஆரவாரத்தை சிகாமணி பாதுகாப்புச் சோதனை வரிசையில், பெல்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு பிரேசில் ஒரு கோல்கூடப் போடவில்லை. எதிரே ஆடிய தென் கொரியா ஒன்று போட்டது. அப்போது அவர் லபன் வாங்கப் போயிருந்தார்.

அந்த மைதானம் 974 கப்பல் கண்டெய்னர்களை அடுக்கிக் கட்டியது. கத்தாருக்கு போன் போட அடிக்கிற எண்ணும் 974 தான். அந்த உலகக் கோப்பையில் அங்கே நடந்த கடைசி ஆட்டமும் அதுதான், பிறகு பிரித்துவிடுவோம் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் 'அடுத்த தடவை பார்த்துக்கலாம் அத்தான்' என்று ஆறுதல் சொல்லவும் மச்சினனுக்கு வழியில்லாமல் போயிற்று.

சொன்னபடி ஆறாம் தேதி மாலை வீட்டில் இருந்தார். அகல் ஏற்றியாயிற்று, பொரி உருண்டை சாப்பிட்டாயிற்று. இரவு எட்டரைக்கு டிவியில் மொராக்கோவும் ஸ்பெயினும். மனைவியும் பிள்ளைகளும் சும்மா பார்க்க உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் கோலே இல்லாமல் ஓடி, பெனால்ட்டிக்குப் போய், ஸ்பெயின் அடித்த மூன்றும் வீணாக, மனைவி சோபாவை விட்டு எழுந்து நின்று கைதட்டினார்.

"ஏங்க, இங்க வாங்க! அந்தப் பையன் கோல்கீப்பரை விழ வச்சுட்டு மெதுவா நடுவுல தட்டி விட்டுட்டாங்க!"

சிகாமணி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு இருந்தார். நிமிரவில்லை. புதிய அட்டவணை, தலைப்பில் '2026' என்று நீல நிறம். மூன்று நாடுகள், பதினாறு நகரங்கள், நாற்பத்தெட்டு அணிகள். 'கூடுதல் நேரம், 30 நிமிடம்' என்று ஒரு வரிசையைச் சேர்த்துச் சிவப்படித்தார். கீழே 'பெனால்ட்டி, 12 நிமிடம்' என்று இன்னொன்று.

"அடுத்தது ஜூன், ஜூலையில வருது" என்றார். "தீபம் கிடையாது, மாலை கிடையாது. பதினோரு பேரும் வந்துருவானுங்க பாரு."