பெர்மனெண்டா, காண்ட்ராக்டா?

என்னை வழியனுப்ப எங்கள் ஊர்ச் சபையில் தனிக் கூட்டமே வைத்தார்கள். சால்வை போட்டார்கள். பெண்கள் ஐக்கியம் வீடு வீடாகக் கைப்பிடி அரிசி எடுத்துச் சேர்த்த காணிக்கையை உறையில் போட்டுக் கொடுத்தது. பேச வந்த பெரியவர், 1903-இல் நெல்லையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, நிஜாம் ஆண்ட டோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு படித்து, 1912-இல் அங்கேயே பேராயர் ஆனதைச் சொன்னார். அடுத்து, 1895-இல் கிருஷ்ணகிரிக்கு வந்து மிசௌரி லுத்தரன் மிஷனைத் தொடங்கிய ஜெர்மன்காரர் தியடோர் நேதரைச் சொன்னார். "அந்த வரிசையிலே இப்போ நம்ம தம்பியும் பரதேசம் போறான்" என்று முடித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் போகவிருந்த பரதேசம் ஓசூர். ராத்திரி பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் விடியும்போது வந்துவிடும். பரதேசம் போகிறவனுக்குப் பெயர் பரதேசி என்பதை மட்டும் அன்றைக்கு யாரும் நினைவூட்டவில்லை.

நான் போய் இறங்கியது டிசம்பர் மாதம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருந்தால் பெட்டியில் கம்பளி வைத்திருப்பேன். நான் கொண்டுபோனது பனையோலை விசிறி. முதல் இரவு அதைத்தான் நெஞ்சின்மேல் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் சிப்காட் பக்கம் லைன் வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை தம்பி?"

"ஊழியம் செய்றேன்மா."

"எந்தக் கம்பெனியில?"

எங்கள் ஊரில் ஊழியம் என்றால் ஒரே அர்த்தம். அசோக் லேலண்டும் டைட்டனும் டிவிஎஸ்ஸும் இருக்கிற ஊரில் ஊழியர் என்றால் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க வேண்டும். "கம்பெனி இல்லம்மா, கர்த்தருக்கு ஊழியம்" என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பெர்மனெண்டா, காண்ட்ராக்டா?"

"ஆயுசுக்கும்மா."

"அப்ப பெர்மனெண்ட். பி.எஃப். பிடிக்கிறாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப காண்ட்ராக்ட்தான். ரெண்டு மாச அட்வான்ஸ் சேர்த்துக் குடு."

அந்த அம்மா வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ரேஷன் கடையில் தமிழ், குடித்தனக்காரர்களிடம் இந்தி பேசுவார். நான்கு பாஷையிலும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கேட்கத் தெரியும். நான் இரண்டு வருஷம் வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்துவிட்டு வந்திருந்தேன். ஓசூர் பஸ் நிலையத்தில் கிரேக்கம் கேட்டு ஒருவரும் வரவில்லை.

வீடு சந்திக்கக் காலை பத்து மணிதான் தோதான நேரம் என்று எங்களுக்குப் பாடமே இருந்தது. முதல் கதவைத் தட்டினேன். லுங்கியோடு ஒருவர் வந்து, சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தார். இரவு பத்துக்குப் போய்க் காலை ஆறுக்குத் திரும்பிய சி ஷிஃப்ட்காரர். "உங்களுக்குச் சமாதானம் உண்டாவதாக" என்றேன். "இருந்துச்சு சார், இப்பதான் போச்சு" என்று கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து என் பைபிளுக்குள் ஜெபக் குறிப்புச் சீட்டோடு ஷிஃப்ட் அட்டவணையும் இருக்கிறது.

ஒருநாள் தளிப் பக்கம் ஒரு கிராமத்தில் கூட்டம். ஊரிலிருந்து பழக்கமான பெரியவர் ஒருவர் அந்த வீட்டாருக்கு முன்கூட்டியே போன் போட்டு, "திருநெல்வேலி ஐயர் வர்றார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் சபை குருவானவரை ஐயர் என்பது வழக்கம். நான் அது கூட இல்லை. கேட்டவர்கள் வேறு ஐயராக நினைத்து, அடிக்க வைத்திருந்த நாட்டுக்கோழியை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். நான் போனபோது அது முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கேழ்வரகுக் களியும் கீரைச் சாறும்.

களியை மெல்லக் கூடாது, சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும். நான் மென்றேன். அது மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுப் பாட்டி அடுத்த உருண்டையோடு வந்து, "சாக்கா?" என்றார். சாப்பிடாமல் சாக்குச் சொல்கிறாயா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று பதறி, "இல்லை, இல்லை" என்றேன். தட்டில் இன்னொரு உருண்டை விழுந்தது. மறுபடி "சாக்கா?" மறுபடி "இல்லை". இன்னும் ஓர் உருண்டை. கன்னடத்தில் 'சாக்கு' என்றால் போதும் என்று அர்த்தம். 'இல்லை'யின் அர்த்தம் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். மூன்று உருண்டைக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். கோழி கூட நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

வயிறு நிறைந்த தைரியத்தில் பிரசங்கத்தைக் கன்னடத்திலேயே தொடங்கினேன். "நானு ஒந்து மாத்து ஹேளுத்தீனி" என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று பொருள். வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' ஆக்கி வளர்ந்த நாக்கு என்னுடையது. ழகரத்தைத் தொலைத்தவன் ளகரத்தையாவது காப்பாற்றியிருக்கலாம். பயத்தில் அதுவும் லகரமாகிவிட்டது. கன்னடத்தில் லகரம் போட்டால் அது சொல்கிற காரியம் அல்ல, காலையில் வெளியே போகிற காரியம். பெண்கள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தார்கள். முன்வரிசைத் தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று உருண்டையையும் எண்ணியிருந்தவர், பரிவோடு எழுந்து வந்து என் கையில் சொம்பைக் கொடுத்துப் புளியந்தோப்பைக் காட்டினார்.

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நம் ஏகார ஓகாரத்தையே திருத்தி, 1732-இல் சதுரகராதியும் தந்துவிட்டுப் போனார். எனக்கு அடுத்த ஜில்லா மாதிரி இருக்கிற பாஷையில் ஓர் எழுத்துக்கு நாக்கு வளையவில்லை. அதே மனிதர்தான் பரமார்த்த குருவையும் எழுதினார். ஆற்றைக் கடந்த சீடர்கள் ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனைக் காணோம் என்று அழுவார்களே, அந்தக் கதை. சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு அடங்கியது பக்கத்து அறைப் பையனால். ஒடிசாக்காரன், வயது 19 இருக்கும். அந்த அறையில் நான்கு பேர், பாய் இரண்டு. ஏ ஷிஃப்ட்காரன் எழுந்த பாயில் சி ஷிஃப்ட்காரன் படுப்பான். ஆறு மாதத்தில் அவன் தமிழ் பேசினான்; இலக்கணப் புத்தகமும் இல்லை, வேதாகமக் கல்லூரியும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை "சாப்பிடுங்கண்ணா" என்று கிண்ணத்தை நீட்டினான். பகாளா என்றான். பார்த்தால் தண்ணீர் விட்ட பழைய சோறு, பக்கத்தில் வெங்காயம், பச்சைமிளகாய். எங்கள் ஆச்சி வைத்தது போலவே இருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வந்தவன் என் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்திருந்தான்.

"ஊரிலிருந்து கிளம்பும்போது உனக்குக் கூட்டம் வச்சாங்களா?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு, "ரயில்ல ரொம்பக் கூட்டம்ணா. நின்னுட்டேதான் வந்தேன்" என்றான்.

சால்வை, காணிக்கை, கண்ணீர் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரே ராத்திரியில் வந்திறங்கியவன் நான். அந்த லைன் வீட்டில் பன்னிரண்டு அறை, பன்னிரண்டிலும் ஊரை விட்டு வந்தவர்கள். பரமார்த்த குருவின் சீடர்கள் தங்களை விட்டுவிட்டு எண்ணினார்கள். நான் என்னை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது மூன்று வருஷம் முடிந்துவிட்டது. களியை விழுங்குகிறேன். கம்பளி வாங்கிவிட்டேன். பனையோலை விசிறி வீட்டுக்கார அம்மாவின் அடுப்படியில் இருக்கிறது. போன வாரம் வாடகை கொடுக்கப் போனபோது அவர் கேட்டார்: "ஏன் தம்பி, இன்னுமா உன்னைப் பெர்மனெண்ட் பண்ணலை?"

நேதரைத்தான் நினைத்துக்கொண்டேன். 1895-இல் கிருஷ்ணகிரிக்கு வந்தவர், 1904-இல் பிளேக் நோயில் காலமானார். பெர்மனெண்ட் என்றால் அதுதான். நானும் பக்கத்து அறைப் பையனும் இன்னும் காண்ட்ராக்ட். எனக்கு ளகரம் மட்டும் கன்ஃபர்ம் ஆகியிருக்கிறது.