சைக்கிள் ஏறிய பெண்களும் இறங்கி வந்த ஊரும்

பெண் சைக்கிள் ஓட்டக் கூடாதென்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமத்தில் 1990 வரைக்கும் சைக்கிள் மிதித்த பெண் ஒரே ஒருவர்தான். அவர் கிராம சுகாதாரச் செவிலியர், வெளியூர்க்காரர். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டவர், நடுராத்திரியில் பிரசவத்துக்கு ஓடி வந்தவர். ஆனால் அவர் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘சைக்கிள்காரி’. அவர் தெருவைக் கடக்கும்போது திண்ணையில் இருக்கும் பெண்கள் உதட்டைச் சுழிப்பார்கள். அம்மாவும் சுழிப்பார். ஒரு பெண் என்ன செய்யக் கூடாது என்பதை நான் அந்தச் சுழிப்பிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். யாரும் உட்கார வைத்துப் புத்தி சொல்லவில்லை.

இப்போது ஒரு கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சமூகவியல் நடத்துகிறேன். சமூகமயமாதல், சமூகக் குழுக்கள், பிறழ்நடத்தை என்று பாடத்திட்டம் மூன்றையும் தனித்தனி அலகாகப் பிரித்து வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் மூன்றும் ஒரே தெருவில் நடந்தன.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. ஆணியில் சணல் கட்டி ஒரு நோட்டு தொங்கும். எடுத்தவர் பெயர், எடுத்த நேரம், விட்ட நேரம் என்று கோடு போட்டிருக்கும். நான் தம்பியோடு போவேன். காசு என்னுடையது, நோட்டில் ஏறுவது தம்பி பெயர். கடைக்காரர் நல்ல மனிதர்தான். “உம் பேர எழுதுனா நாளைக்கு உங்கப்பன் எங்கிட்டல்ல வந்து நிப்பாரு, தாயி” என்பார். பொழுது சாய்ந்த பிறகு, வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். யாராவது வந்தால் சைக்கிளைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு ஆடு தேடுவதுபோல் நிற்பேன். பார்க்கிற கண்களின் வழியாகத்தான் ஒருவர் தன்னையே பார்த்துக்கொள்கிறார் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் கூலி 1902-இல் எழுதினார். அந்த வயதில் எனக்குக் கூலியைத் தெரியாது. கண்மாய்க் கரையில் நிற்கும் கண்களை நன்றாகத் தெரியும்.

1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். அந்த எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் பழக்குவதையும் சேர்த்தார்கள். நம்மூர் நிர்வாகத்தில் எடுத்த அருமையான முடிவுகளில் அது ஒன்று என்று இன்றும் அடித்துச் சொல்வேன். பள்ளிக்கூட மைதானங்களில் பெண்கள் குவிந்தார்கள். கல் குவாரிக்குப் போகிறவர்கள், நடவுக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ரத்தினக் கல் பட்டை தீட்டும் பெண்கள் என்று எல்லோரும் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனதால் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே வசதி என்றவர்களும் உண்டு. முன்னால் பிள்ளை, கேரியரில் தண்ணீர்க் குடம், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிய ஒரு பெண், பின்னால் புழுதி. இந்தக் காட்சியைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நாடறிய எழுதினார்.

எனக்கு மறக்காதது வேறு. வாடகைக் கடை நோட்டில் பெண்களின் பெயர்கள் வரத் தொடங்கின. எழுதியவர் கடைக்காரர் அல்ல. அறிவொளியில் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்த பெண்கள், கோணல்மாணலாக, கோட்டுக்கு மேலும் கீழுமாகத் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். எங்கள் பெரியம்மா ஒரு பெயரை எழுத அவ்வளவு நேரம் எடுத்தார். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் தாமே ஜாஸ் பியானோ வாசித்தவர். தம்மோடு வாசித்த இசைக்கலைஞர்களைத்தான் ஆராய்ந்தார். ‘அவுட்சைடர்ஸ்’ என்ற அவருடைய நூல் 1963-இல் வந்தது. ஒரு செயல் தன்னளவில் பிறழ்வு ஆவதில்லை, விதி போட வல்லவர்கள் விதி போட்டு, அதை ஒருவர்மேல் பொருத்தி முத்திரை குத்தும்போதுதான் பிறழ்வு ஆகிறது என்பது அவர் வாதம். வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் செவிலியரைத்தான் நினைக்கிறேன். அவர் செய்ததும் எங்கள் பெரியம்மா செய்ததும் ஒரே வேலை. செவிலியர் தனியாள். பெரியம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் இருந்தது, கூட்டத்துக்குப் பின்னால் ஆட்சியர் இருந்தார், சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கொடுக்கச் சொல்லிப் பேச்சு நடந்தது. துணிச்சலில் செவிலியர் ஒரு படி மேல். ஊர் இறங்கி வந்ததோ கூட்டத்துக்குத்தான்.

இன்றைக்கு ஊருக்குப் போனால் நம்ப முடியாது. மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 2018-இல் மானியம் கொடுத்தார்கள். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்றைக்கு அதிகமாக உதட்டைச் சுழித்த அத்தை ஒருவர், பேத்தி ஓட்டும் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போகிறார். “நம்ம ஊரு பொம்பளைக அப்பவே சைக்கிள் ஓட்டுனவுகளாக்கும்” என்று வெளியூர்ச் சம்பந்திகளிடம் பெருமையும் பேசுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, தாம் எதிர்த்ததை உண்மையாகவே மறந்துவிட்டார். ஊரில் யாரைக் கேட்டாலும் யாரும் எதிர்த்ததாக நினைவில்லை.

இந்த மறதி புதுக்கோட்டைக்குப் புதிது அல்ல. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, பையன்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதித்தார். பின்னாளில் முத்துலட்சுமி மருத்துவரானார், சட்டமன்றத்தில் அமர்ந்தார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். இன்று தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவி அவர் பெயரில்தான் வருகிறது. எதிர்த்தவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

மறதியோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். போன கோடையில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளை, நர்சிங் படிக்கிறவள், வீட்டு மாடியில் ஆடி ரீல்ஸ் போட்டாள். அது ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. “இவளையெல்லாம் படிக்க அனுப்புனா இப்படித்தான்” என்று பேசியவர்களில் அறிவொளி மைதானத்தில் என்னோடு சைக்கிள் தள்ளியவர்களும் இருந்தார்கள். துறவிகள் மட்டுமே வாழும் மடத்தில்கூடச் சின்னச் சறுக்கல் பெருங்குற்றமாகிவிடும் என்று எமில் டர்க்கைம் 1895-இல் எழுதியதைப் பாடமாக நடத்தி வருகிறேன். அப்படியொரு கண்டனத்தை என் தோழிகளின் வாயிலிருந்து கேட்டபோது நெஞ்சு வலித்தது. உதட்டுச் சுழிப்புகூட மாறவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய், “ஆடட்டும் அக்கா, அவ தப்பு எதுவும் பண்ணலை” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சைக்கிளுக்கு எதிராகச் சட்டம் இல்லை, ஊர் தடுத்தது. தீண்டாமைக்கு எதிராக 1950 முதல் அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே இருக்கிறது, ஊர் அதை வழக்கம் என்கிறது. இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. விசாரிக்கப் போன மாவட்ட நிர்வாகம் அங்கே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும் கண்டுபிடித்தது. அந்தக் குவளைகளை அத்தனை காலம் கழுவிக் கவிழ்த்தவரை யாரும் ஒரு பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பெண்கள் சைக்கிள் ஏறுவதற்கு இணங்கிய மாவட்டம் இதற்கு மட்டும் ஏன் இத்தனை மெதுவாக நடக்கிறது என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். சைக்கிளால் எல்லா வீட்டுக்கும் லாபம் இருந்தது, தண்ணீர் சீக்கிரம் வந்தது, கூலிக்கு நேரத்தில் போக முடிந்தது. குவளையை ஒழித்தால் சிலர் தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். என் பதில் இதுதான்.

அறிவொளியில் சைக்கிள் பழகிய பெண்களில் பலர் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் பெரியம்மா இல்லை. வாடகைக் கடையும் இல்லை, அந்த நோட்டும் போய்விட்டது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஓர் அப்பத்தாவோ அம்மாச்சியோ அன்றைக்குச் சைக்கிள் மிதித்திருந்தால், செல்போனை எடுத்து அவர் பேசுவதைப் பதிவு செய்துவையுங்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் யார் என்னென்ன சொல்லித் தடுத்தார்கள் என்பதையும் பெயரோடு கேட்டு வாங்குங்கள்.