கணக்கை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்

கேள்வி: வேலையை ராஜினாமா செய்யப் போகிறேன். ஆனால், முதலாளியோடு உறவு கெடக்கூடாது. என்ன வழி?
- ஒரு வாசகர், உத்தரகோசமங்கை

பதில்: உங்கள் ஊர்க் கோயிலில் பாடிய மாணிக்கவாசகர் செய்ததைச் செய்யாதீர்கள்! பாண்டியனின் அமைச்சரான அவர், குதிரை வாங்கத் தந்த பணத்தைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவழித்தார்; வைகைச் சுடுமணலில் நிறுத்தினான் மன்னன் என்கிறது புராணம். அவருக்காகப் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி வாங்கச் சிவபெருமானே வந்தார். உங்களுக்காக எந்தச் சக ஊழியர் வாங்குவார்?

எனவே, நோட்டீஸ் காலம் முழுக்க ஒழுங்காக வேலை பாருங்கள். முன்பணம், லேப்டாப், சாவி எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து வருபவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுங்கள். கடிதத்தில் நன்றி மட்டும் நாலு வரி போதும். மாணிக்கவாசகரைப் போல 50 பாடல் நீளத்துக்கு விண்ணப்பம் போட, நீங்கள் கேட்பது மோட்சம் அல்ல, ரிலீவிங் ஆர்டர்!