இன்ஜினில் கை வைத்த வண்டி

ஒருவனுடைய காரில் இன்ஜின் வேலை முடிந்து, பணமும் கொடுத்துத் தீர்ந்து, இனிமேல் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை ஏற்பட்ட பிறகுதான் உபதேசம் செய்யப் புறப்பட வேண்டுமென்று நம் ஜனங்களுக்கு எந்தச் சாஸ்திரம் விதித்திருக்கிறதோ, நான் அறியேன். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத எங்கள் தெருப் பெரியவர் நேற்று மாலை என் பழைய அம்பாசிடரைப் பிரதட்சிணமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “எவ்வளவு ஆச்சு சார்?” என்று விசாரித்தார். உண்மையில் பாதியைத்தான் சொன்னேன். அந்தப் பாதிக்கே அவர், “அடடா, முன்னாடியே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா? அப்படியே தள்ளிவிட்டிருக்கலாமே!” என்று என்னைவிட அதிகமாக வருந்தினார்.

பெரிய இன்ஜின் வேலைக்குப் பிறகு வண்டியை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்னும் இந்தத் தர்மசங்கடத்தைப் பட்சபாதமின்றி ஆராய்ந்து, கட்டுரையின் முடிவில் ஒரு தீர்ப்புக் கூறுவதாக உத்தேசம்.

நடந்தது இவ்வளவுதான். ரேடியேட்டர் கசிந்து தண்ணீர் குறைந்தது. தண்ணீர் குறையவே ஹெட் சூடேறி வளைந்தது. ஹெட் வளையவே காஸ்கெட் போய், ஆயிலும் தண்ணீரும் ஒன்றாய்க் கலந்தன. இன்ஜினை இறக்கிப் பார்த்த மெக்கானிக், சிலிண்டர் நான்கும் தேய்ந்திருப்பதைக் காட்டி, அவற்றை லேத்துக்கு அனுப்பி ரீபோர் செய்வித்து, அதற்குத் தக்க ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, உத்தர்பாராத் தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டபடியால் கிடைக்காத சில்லறைச் சாமான்களைப் புதுப்பேட்டைக் கடைகளில் தேடிப் பிடித்து, கடைசியில் வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடுமென்று ஆசீர்வதித்து அனுப்பினார். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரையில் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

அவர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு, இன்ஜின் மௌனமாகிவிட்டது. முகூர்த்த வேளையில் அபசகுனமான சொல் எதுவும் காதில் விழாதிருக்கக் கெட்டிமேளம் கொட்டுவார்களே, அந்தக் கைங்கரியத்தைத்தான் என் இன்ஜின் இத்தனை வருஷமும் செய்துவந்திருக்கிறது என்பது அது அடங்கிய பிறகுதான் புலப்பட்டது. இப்போது இரண்டாவது கியர் முனகுவது கேட்கிறது. சைலன்சரைத் தாங்கும் பட்டை, வேகத்தடைதோறும் தன் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கிறது. பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங்கில் புஷ் தேய்ந்த இடத்திலிருந்து ஒரு கிறீச்சொலி, வலப்புறம் திரும்பினால் மட்டும் வருகிறது. ஆகையால் கூடியவரையில் இடப்புறமாகவே திரும்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு சேர்கிறேன். டிக்கியில் ஏதோ உருண்டது; ஜாக்கி என்று எண்ணி அதை எடுத்து வீட்டில் வைத்தேன். உருள்வது ஸ்பேனர் என்று தெரிந்தது, அதையும் எடுத்தேன். பிறகும் உருண்டது, ஸ்டெப்னியை இறுக்கிக் கட்டினேன். அப்புறம் உருளவில்லை, தட்டியது. தட்டுவது எங்கேயென்று கண்டுபிடிக்க என் மனைவியைப் பின்சீட்டில் அமர்த்தி, காதைக் கொடுத்துக் கேட்கும்படி வேண்டிக்கொண்டேன். அவள் வெகுதூரம் வரையில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சத்தமெல்லாம் முன்சீட்டிலிருந்துதான் வருகிறது” என்றாள். அன்று கீழே விழுந்த பின்கதவுக் கண்ணாடிக் கைப்பிடியைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

விற்பனைக்கு வருவோம். சென்ற மாதம் ஒரு புரோக்கர், “நீலப் புகை தள்ளுதே சார், இன்ஜின் வேலை பார்த்துக் கொண்டாங்க, நல்ல விலைக்கு முடிச்சுத் தரேன்” என்றார். வேலையை முடித்துக் கொண்டுபோய் நிறுத்தியதும் அதே மனிதர் முகத்தைச் சுளித்து, “இன்ஜினில் கை வெச்ச வண்டியா? பார்ட்டி யோசிப்பாங்களே!” என்கிறார். கை வைக்காவிட்டால் புகை, வைத்துவிட்டால் சம்சயம். இவ்விரண்டுக்கும் நடுவே எந்தக் க்ஷணத்தில் வண்டியை விற்றிருக்க வேண்டும் என்பதை அந்த மகானுபாவர் இன்றுவரை தெரிவிக்கவில்லை. சரி, வைத்துக்கொள்வோமென்றால், பதினைந்து வயது கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாயிருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய்க்கு ஏறிவிட்டது. பசுமை வரி வேறு. செலவழித்த பணத்தை நினைத்தால் விற்க மனம் வரவில்லை. செலவழிக்கப்போகும் பணத்தை நினைத்தால் வைத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

தீர்ப்புக் கூறுவதாக ஒப்புக்கொண்ட இடம் இதுதான். அதற்குள் அவசரக் காரியம் ஒன்று குறுக்கிடுகிறது. அம்பாசிடரின் வலப்பக்கப் பின்கதவுக்குரிய கண்ணாடிக் கைப்பிடி, பழையதானாலும் பாதகமில்லை, உங்களில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். விலையை மட்டும் எங்கள் தெருப் பெரியவரிடம் சொல்லிவிடாதீர்கள்.