தண்ணீரோடு கிளம்புங்கள்

கேள்வி: மேட்டூர் அணை திறப்பைப் பற்றி ஆண்டுதோறும் எழுதுகிறேன். புதிதாக எழுத இனி என்ன இருக்கிறது?
– இளம் நிருபர், திருவாரூர்

பதில்: அணை 1934-லிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது, நகர வேண்டியவர் நீங்கள்! மதகு திறந்து பூத்தூவும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். நீங்கள் தண்ணீரோடு கிளம்புங்கள். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. உங்கள் ஊர் வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் வந்தது? வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-ஐ நம்பி நாற்றங்கால் போட்டவர் கதி என்ன? தண்ணீர் எட்டாத கடைமடையில் போய் நின்றால், தூர்வாரிய கணக்கு தானே பேசும். அணையில் 120 அடி என்று ஊரே எழுதட்டும். வாய்க்காலில் எத்தனை அடி என்று நீங்கள் எழுதுங்கள்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1990-களில் வறட்சியை எழுதியபோது மழையளவோடு நிறுத்தவில்லை. வறட்சியால் ஆதாயம் யாருக்கு என்று கேட்டார். ராமநாதபுரத்தில் தண்ணீர் விற்பவர்களைப் பற்றி எழுதினார். பழைய செய்திக்குள் புதிய கேள்வி அப்படித்தான் பிறந்தது.

நடவுக்கு வரும் பெண்கள், கூட்டுறவுச் சங்கத்தில் கடனுக்கு நிற்பவர், கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்திருப்பவர் என்று பருவம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். திறப்பு நாள் செய்தியில்தான் அவர்களைக் காணோம்.

போன ஆண்டு பேட்டி கொடுத்த விவசாயியின் எண் உங்கள் கைப்பேசியில் இருக்கும். இன்றைக்கே கூப்பிட்டு, அந்த அறுவடை என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.