பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?

இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்: சங்கப் பணத்தில் ஏ.இ.டி. வாங்கி லிஃப்ட் பக்கத்தில் மாட்டிவிட்டோம். வேலை முடிந்தது, இல்லையா?

வாங்கும் வேலை முடிந்தது. பார்த்துக்கொள்ளும் வேலை மாட்டிய அன்றே ஆரம்பித்துவிட்டது. பேட்டரிக்கு ஆயுள் உண்டு, மார்பில் ஒட்டும் பேட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, மெஷினுக்கு என்றைக்கு வேண்டுமானாலும் ரீகால், அதாவது கோளாறு இருப்பதாக நிறுவனத்தின் அறிவிப்பு, வரலாம். இந்த மூன்றையும் கவனிப்பவர் யார்? ஒரு பெயர் சொல்லுங்கள். "சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்றால் யாருமே பார்க்கப்போவதில்லை. பொறுப்பாளரின் பெயரையும் போன் நம்பரையும் பெட்டி மேலேயே ஒட்டுங்கள். அவர் ஊருக்குப் போனால் பார்க்க இன்னொருவர் பெயரும் வேண்டும்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: சினிமாவில் மானிட்டரில் கோடு நேரானதும் ஷாக் கொடுக்கிறார்களே, அதே கருவியா?

நேர்கோட்டுக்கு ஷாக் பலிக்காது, ஏ.இ.டி.யும் கொடுக்காது. இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து, ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் போகும் நிலை ஒன்று உண்டு. அதற்குத்தான் ஷாக். பேட் வழியாகத் துடிப்பைப் படித்து, தேவை என்று தெரிந்தால் மட்டுமே கருவி தயாராகும். அதனால்தான் பயிற்சி இல்லாதவர் கையிலும் இதை நம்பிக் கொடுக்கிறார்கள். 1999-இல் சிகாகோ விமான நிலையங்களில் இதைப் பொதுமக்கள் எடுக்கும்படி வைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்த நிலைக்குப் போன 18 பேரில் 11 பேரை மீட்க முடிந்தது. மீட்டவர்களில் ஏ.இ.டி.யை அதற்கு முன் தொட்டே பார்க்காதவர்களும் இருந்தார்கள். உதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

பொறியாளர், ஓசூர்: உயிர் காக்கும் கருவிக்கே ரீகாலா? சோதிக்காமலா விற்கிறார்கள்?

சோதித்துத்தான் விற்கிறார்கள். ஆனால் இது வருடக்கணக்கில் சும்மா தொங்கிவிட்டு, ஒரே ஒரு நாள், சில நிமிடங்கள் பிசகில்லாமல் ஓட வேண்டிய கருவி. தினமும் ஓடும் மெஷினில் கோளாறு மறுநாளே தெரியும். இதில் ஒளிந்திருக்கும் கோளாறு, ஒருவர் தரையில் கிடக்கும்போதுதான் தெரியவரும்.

அமெரிக்கக் கணக்கைச் சொல்கிறேன். 2005 முதல் 2014 செப்டம்பர் வரை ஏ.இ.டி. செயலிழப்பு பற்றி அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு வந்த அறிக்கைகள் சுமார் 72,000. 2005-க்குப் பிறகான அந்தப் பத்தாண்டில் 111 ரீகால்கள், அவற்றில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள். இதைப் பார்த்துத்தான் 2015 ஜனவரியில் எஃப்.டி.ஏ. பிடியை இறுக்கியது. அதுவரை, சந்தையில் ஏற்கெனவே இருப்பதைப் போன்றதுதான் என்று காட்டினாலே அனுமதி கிடைத்தது. பாதுகாப்பானது, வேலை செய்யும் என்பதற்கு முழு ஆதாரம் தந்தால்தான் இனி விற்கலாம் என்று விதி மாறியது.

கோளாறுகள் எப்படிப்பட்டவை? ஃபிலிப்ஸ் ஹார்ட்ஸ்டார்ட் வகையில் சிலவற்றில் சிக்கல் ஒரு சின்ன ரெசிஸ்டர். 2005 முதல் 2012 வரை தயாரான சுமார் 7 லட்சம் கருவிகள் அந்த ரீகாலில் வந்தன. 2009-இல் ஸோல் ஏ.இ.டி. பிளஸ் கதை வேறு. சில ஆண்டுகள் பழகிய பேட்டரி ஷாக் நேரத்தில் கைவிட்டுவிடலாம், கருவியின் சுயசோதனைக்கு அது பிடிபடாது. மென்பொருளைப் புதுப்பித்துச் சரிசெய்தார்கள். டெஃபிப்டெக் நிறுவனத்தின் சில கருவிகளில், பேட்டரி குறைவு என்று முந்தைய சோதனை கண்டுபிடித்ததை அடுத்த சோதனை அழித்துவிடும் சாத்தியம் இருந்தது. எச்சரிக்கை ஒருநாள் வந்து மறுநாள் மறைந்துவிட்டால், பார்ப்பவர் சரியாகிவிட்டது என்றுதானே நினைப்பார்?

ரீகால் அறிவிக்கும் நிறுவனத்தைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தப்பைச் சொல்கிற நிறுவனம் மேல். பதைக்க வைப்பது வேறொன்று. நிறுவனம் கடிதம் அனுப்பினாலும், அது போய்ச் சேருகிற முகவரியில் ஆள் இருக்கிறாரா என்பதுதான். கருவி வாங்கிய கடை மூடியிருக்கும், பழைய செயலாளர் வீடு மாறியிருப்பார், மெயில் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். ஆகவே சீரியல் நம்பரோடு கருவியை நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்தோடு இந்தப் பதிவையும் கை மாற்றுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள்.

உடற்பயிற்சிக்கூட உரிமையாளர், மதுரை: ரீகால் கடிதம் வந்துவிட்டது. மெஷினை இன்றே கழற்றி உள்ளே வைத்துவிடவா?

வேண்டாம். முதலில் கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ரீகால் என்றாலே திருப்பி அனுப்புவது என்று பொருள் இல்லை. மென்பொருள் மாற்றம், பேட்டரி மாற்றம், புது அறிவுரை என்று இருக்கும் இடத்திலேயே முடிவதும் உண்டு. பயன்படுத்தவே கூடாது என்று எழுதியிருந்தால் ஒழிய, மாற்றுக் கருவி வரும்வரை பழையது சுவரிலேயே இருக்கட்டும். ஃபிலிப்ஸ் ரீகாலில் எஃப்.டி.ஏ. சொன்னதும் இதைத்தான். ஷாக் கொடுக்கத் தவறும் வாய்ப்பு சிறியது, வெறும் சுவர் நிச்சயம் கொடுக்காது.

ஆசிரியர், தஞ்சாவூர்: பச்சை விளக்கு மினுங்குகிறது. அது போதாதா?

பச்சை நல்ல செய்தி, ஆனால் முழுச் செய்தி இல்லை. கருவி தன்னைத் தானே தினமோ வாரமோ சோதித்துக்கொள்கிறது. மின்சுற்று, பேட்டரி எல்லாம் அதில் அடங்கும். ஆனால் பேட் உறை மேல் அச்சடித்த தேதியைப் பல மாடல்களால் படிக்க முடியாது. பேட்டில் இருக்கும் பசை ஜெல் காலப்போக்கில் காய்ந்துவிடும். அப்புறம் தோலில் ஒட்டாது, மின்சாரம் சரியாகப் பாயாது. எஃப்.டி.ஏ.வுக்கு வந்த பழைய புகார்களை அலசிய ஆய்வு ஒன்றில், உயிரிழப்பில் முடிந்த தோல்விகளில் ஏறக்குறைய கால்வாசிக்குப் பேட், ஒயர் சம்பந்தப்பட்ட கோளாறே காரணம். இன்னொரு கால்வாசி பேட்டரி. நீங்கள் கண்ணால் பார்த்துத் தேதி குறிக்கக்கூடியவை இந்த இரண்டும்தான். மாதம் ஒருமுறை பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

கார் ஓட்டுநர், வேலூர்: வண்டி டிக்கியிலேயே ஒன்று வைத்துக்கொண்டால் என்ன?

நல்ல எண்ணம், தவறான இடம். பெரும்பாலான மாடல்கள் காத்திருக்க வேண்டிய வெப்பம் 0 முதல் 50 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதைத் தாண்டிவிடும். சுவரில் மாட்டுவதானாலும் நேர் வெயில் படாத இடம் பாருங்கள்.

கடைக்காரர், சேலம்: அதே அளவில் வேறு கம்பெனி பேட்டரி பாதி விலைக்குக் கிடைக்கிறது. போடலாமா?

கூடாது. உங்கள் மாடலுக்கு என்று அனுமதிக்கப்பட்ட பேட்டரியும் பேட்டும் மட்டும்தான். ஷாக்குக்குச் சில நொடிகளில் மின்சாரத்தைச் சேமித்துத் தர வேண்டும். அளவு பொருந்துவதை வைத்து அந்தத் திறனைக் கண்டுபிடிக்க முடியாது.

குடும்பத்தலைவி, விருதுநகர்: எதிரில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார், இருப்பதோ தேதி முடிந்த பேட். ஒட்டலாமா?

ஒட்டுங்கள். காலாவதியான பேட் ஒருவேளை வேலை செய்யாமல் போகலாம். ஒட்டாத பேட் ஒருபோதும் செய்யாது. 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, கருவி வரும்வரை மார்பின் நடுவே அழுத்திக்கொண்டே இருங்கள். சட்டையை வெட்டி, மார்பில் ஈரம் இருந்தால் துடைத்து, முடி அடர்ந்திருந்தால் மழித்துவிட்டு ஒட்டுங்கள். பெட்டியில் ஒரு துண்டு, கத்தரிக்கோல், ரேஸர் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஒருமுறை ஒட்டிய பேட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. மாற்று ஜோடி எப்போதும் பெட்டிக்குள் இருக்கட்டும்.

வாசகி, சிங்கப்பூர்: எங்கள் பிளாக் அடியில் இருப்பது அரசு வைத்தது. எனக்கு அதில் என்ன வேலை?

இரண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பிளாக்குகளுக்கு ஒன்று என்று வைத்திருப்பது பெரிய ஏற்பாடு. 'மைரெஸ்பாண்டர்' செயலியைப் போனில் ஏற்றுங்கள். அருகில் யாருக்காவது இதயம் நின்றால் உங்களுக்குத் தகவல் வரும், பக்கத்துக் கருவி எங்கே என்றும் காட்டும். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பெட்டியைப் பாருங்கள். உடைந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ உடனே புகார் சொல்லுங்கள்.

மருந்தாளுநர், திருநெல்வேலி: இந்தியாவில் கருவி சொதப்பினால் யாரிடம் சொல்வது?

ஏ.இ.டி. உள்ளிட்ட டீஃபிப்ரிலேட்டர்களை மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் மத்திய அரசு அறிவிக்கை 2019-இல் வந்தது. அதற்கு முன்பே, 2015-இல், மருத்துவச் சாதனங்களால் நேரும் கோளாறுகளைப் பதிவு செய்ய ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நீங்களும் சொல்லலாம். சீரியல் நம்பரோடு சொல்லுங்கள். ஒருவர் சொல்லும் புகார் தனிக் கதையாக நிற்கும். பத்து இடத்திலிருந்து ஒரே மாடல் பற்றி வந்தால்தான் ரீகாலுக்கு வழி பிறக்கும்.

செக்யூரிட்டி ஊழியர், அம்பத்தூர்: நான் பத்தாவதுகூட முடிக்கவில்லை. இதை நான் பார்த்துக்கொள்ளலாமா ஐயா?

தாராளமாக. இந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. தினமும் அந்தப் பெட்டியைக் கடந்து போகிறவர் நீங்கள்தான். விளக்கின் நிறம் மாறினாலோ, 'பீப்' சத்தம் கேட்டாலோ, கேட் நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டுப் பொறுப்பாளருக்குப் போன் போடுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்தவருக்கு. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று யாராவது பேட்டரியைக் கழற்றச் சொன்னால் கழற்றாதீர்கள். அந்தச் சத்தம்தான் கருவி கேட்கும் உதவி. பெட்டியைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் வைக்கச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்துக்கு இவரையும் அழைத்து, பெட்டியை அவர் கண்ணெதிரே திறந்து காட்டி, மார்பை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர். பயிற்சிக்கும் அனுப்பி வையுங்கள். செலவு சங்கத்துடையதாக இருக்கட்டும்.